கிளட்ச் அக்காவும் பழுப்புக் கோடும்

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் எவரோ ஒருவர் வைத்திருக்க வேண்டும். "கிளட்ச்... கிளட்ச்... கிளட்ச்ச விடாதீங்க" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்கள் பகுதியில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தான். எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவரே. இந்தக் கதையில் பாதியை அவரே எனக்குச் சொன்னார். மீதியை அவருடைய கணவர் என்னிடம் சொன்னார், அதாவது தெருவுக்கே சொன்னார்.

கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று முப்பது வருஷம் மைக்கில் சொல்லிச் சொல்லி, மைக் இல்லாத இடத்திலும் அதே குரல்தான் வரும். மெதுவாகப் பேசுவது என்பது அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னால், அடுத்த தெருக் கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்து வெளியே வைத்துவிடுவார்.

அக்கா அதற்கு நேர் எதிர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கற்றுக்கொடுக்கும் கார் என்பதால் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் உண்டு. நடுரோட்டில் எஞ்சின் நின்று, பின்னால் வரிசையாக ஹாரன் அலறும்போது, ஓட்டுகிறவருக்கு வியர்த்துக் கொட்டும். அக்கா சாவகாசமாகச் சொல்வார்: "பதறாதீங்க. பின்னாடி ஹாரன் அடிக்கிறவர் நமக்கு என்ன சம்பந்தியா? அடிக்கட்டும். நீங்க முதல் கியருக்கு வாங்க."

இப்படிப்பட்டவரையே சோதித்துப் பார்த்த மாணவி ஒருவர் வந்து சேர்ந்தார். பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர். பெரிய படிப்பெல்லாம் படித்தவர், ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டால் கையும் ஓடாது, காலும் ஓடாது. டெஸ்டுக்குப் போகும்போதெல்லாம் தவறினார். அவரிடம் இருந்த பெரிய கோளாறு, குனிந்து பானட்டின் நுனியையே பார்த்துக்கொண்டு ஓட்டுவது.

"டாக்டரம்மா, ரோடு பானட்டு மேல இல்ல. அங்க இருக்கு, தூரத்துல. தலைய நிமித்துங்க."

"பழக்கதோஷம் அக்கா. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சே இருக்கேன்."

"அப்ப நோயாளிங்கள எப்பதான் பாப்பீங்க?"

"பாக்கறதே இல்ல. அவங்க ஒடம்புலேருந்து எடுத்த சதைத்துண்டு மட்டும் நம்பர் போட்டு எங்கிட்ட வரும். மெலிசா சீவி, சாயம் போட்டு, என்ன நோய்னு பாத்துச் சொல்லணும். ஆளு யாரு, எப்படி இருப்பாங்க, ஒண்ணும் தெரியாது."

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வகையில நல்லதுதான். மூஞ்சியப் பாத்தா மனசு கேக்காது. சரி, ரெண்டாவது கியர் போடுங்க."

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு காலை வகுப்பில், அக்கா இருப்புக்கொள்ளாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். சீட்டில் புதிதாக ஒரு ரப்பர் வளையம் வேறு. டாக்டரம்மா என்னவென்று கேட்டார்.

"மூலம்தான், வேறென்ன. ஒக்காந்தே பாக்கற வேலையில்ல? அப்பப்ப ரத்தம் போகுது."

"எவ்வளவு நாளா?"

"அது இருக்கும், வெயில் ஆரம்பிச்சதுலேருந்து."

டாக்டரம்மா கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். ஓரமாக ஒதுங்கி, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, கைபிரேக்கை இழுத்தார். எதுவும் தப்பவில்லை. அக்கா அசந்துபோனார்.

"பாத்தீங்களா, மனசு வெச்சா வருது."

"அக்கா, அது மூலம்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? எங்க சித்திக்கு இருந்துச்சு. எனக்கும் இருக்கு."

"நாளைக்கு நீங்க எங்க ஆஸ்பத்திரிக்கு வரணும். வரலேன்னா நான் இனிமே கிளாசுக்கு வரமாட்டேன்."

"அது எனக்கு லாபம்தானே" என்றார் அக்கா. ஆனால் அடுத்த நாள் போனார். டாக்டரம்மாவின் முகம் அப்படி இருந்தது.

மூலம் இல்லை. பெருங்குடலில் கட்டி. உள்ளே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சொன்னதைக் கணவர் வராந்தாவில் நின்று போனில் தன் தங்கைக்குச் சொன்னார். அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துபோனது. முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் டீ வாங்கி வந்தார்.

ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். பிறகு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். முடி பெரிதாகக் கொட்டவில்லை. ஆனால் விரல்நுனிகள் மரத்துப்போயின. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் மின்சாரம் தொட்டதுபோல் சுரீர் என்று இழுக்கும். அந்த நாட்களில் அக்கா கையுறை போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்தார். "கல்யாணத்துக்குப் போற மகாராணி மாதிரி இருக்கேன் இல்ல?" என்று எங்களிடம் கேட்பார். கற்றுக்கொடுப்பதை மட்டும் விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா ஒருவழியாக டெஸ்டில் தேறினார். டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி தும்மிய நேரம் பார்த்து ரிவர்ஸை முடித்துவிட்டார் என்று அக்கா சொல்வார். டாக்டரம்மா அதை ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

வைத்தியம் பார்த்த புற்றுநோய் டாக்டருக்குக் கணவர் வைத்திருந்த பெயர் தந்தி டாக்டர். வார்த்தைக்குக் காசு கேட்பார்களோ என்று பயந்தவர்போலப் பேசுவார். "குடல்லேருந்து போனது. மருந்து மாத்துவோம். பாப்போம்." மாற்றினார்கள். பார்த்தார்கள். புள்ளிகள் அசையவில்லை. இரண்டு சற்றுப் பெரிதாகவே ஆகியிருந்தன. ஆபரேஷனில் எடுத்த பழைய கட்டி ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சில பரிசோதனைகள் செய்தார்கள். அதன்பிறகு தந்தி டாக்டர் அடுத்த தந்தியை அடித்தார்:

"பழைய கட்டியில ரிசெப்டர் இல்ல. கல்லீரல்ல இருக்கான்னு பாக்கணும். ஊசி குத்தித் துண்டு எடுக்கணும்."

அக்கா துணி மாற்றிக்கொண்டு வருவதற்குள் கணவர் கீழே இறங்கி, வாசலில் இருந்த ரிசெப்ஷன் மேசைக்குப் போய்விட்டார். "என்னம்மா, எங்க வீட்டம்மாவோட பழைய கட்டி ரிசெப்ஷன்ல இல்லைன்னு டாக்டர் சொல்றாரு. உங்கள நம்பித்தானே குடுத்தோம்?"

அந்தப் பெண் மிரண்டுபோய் இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். "சார், இங்க ரெண்டு குடை, ஒரு சாவிக்கொத்து, ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கு. கட்டி எதுவும் யாரும் குடுக்கலையே."

கூடத்தில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரல் மேல்மாடிவரை எட்டியிருக்க வேண்டும், டாக்டரம்மா படியில் ஓடி வந்தார். அதற்குள் வந்துவிட்ட அக்காவையும் அவரையும் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"சார், அது ரிசெப்ஷன் இல்ல, ரிசெப்டர். ஆனா நீங்க சொன்னதுலயும் தப்பில்ல. அந்தப் பொண்ணு என்ன பண்றாங்க? வெளியேருந்து வர சேதிய வாங்கி உள்ள சொல்றாங்க. ஒவ்வொரு செல்லோட மேல்தோல்லயும் அப்படி ஒரு புரதம் நிக்கும். 'வளரு'ன்னு சேதி வந்தா வாங்கி உள்ள அனுப்பும். சாதாரண செல்லுல கொஞ்சமா இருக்கும். சில கட்டியில மட்டும் அளவுக்கு மீறி நிக்கும். அதனால அது நிக்காம வளந்துகிட்டே இருக்கும்."

"நிறைய இருந்தா கெட்டதா?" என்று கேட்டார் அக்கா.

"கட்டிக்கு அது பலம். ஆனா அந்தப் புரதத்தப் பிடிச்சு அடைக்கிறதுக்குன்னே மருந்து இருக்கு. புரதம் இருந்தா மருந்து வேலை செய்ய வாய்ப்பு இருக்கு. இல்லேன்னா அந்த மருந்தக் குடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல."

"குடல்ல இல்லாதது கல்லீரல்ல மட்டும் எப்படி இருக்கும்? ரெண்டும் ஒரே கட்டிதானே?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "பெரும்பாலும் ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கும் அக்கா. சில பேருக்கு மாறியிருக்கும். உங்களுக்கு எப்படின்னு பாக்காம சொல்ல முடியாது. மாறியிருந்தா நமக்கு ஒரு வழி கெடைக்கும். மாறலைன்னா ஒரு குத்து வீண்."

இந்த நேர்மை அக்காவுக்குப் பிடித்திருந்தது. வீட்டில்தான் வேறு மாதிரி ஆனது.

கணவரின் தங்கை கீழ்த்தளத்தில் குடியிருந்தார். அண்ணிமேல் உயிரையே வைத்திருப்பவர். அந்தப் பாசத்தை அவர் பயமாகத்தான் வெளிக்காட்டுவார். செய்தி கேட்டதும் மேலே வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம் அண்ணி. கத்தி பட்டா, ஊசி பட்டா அது கோவிச்சுக்கிட்டு ஒடம்பு பூரா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாருந்தான்."

"பேரச் சொல்லு."

"பேரெல்லாம் யாரு கேட்டு வெச்சா? அண்ணா, நீயாவது சொல்லு."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவ சொல்றதையும் கொஞ்சம் யோசிக்கணும். ஒருதடவ குத்திட்டா எடுக்க முடியாது பாரு."

மேல்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "குத்திப் பாத்துடுங்க சார். எங்க மச்சானுக்கு குத்தினாங்க, நல்லாத்தான் இருக்காரு." எதிர்வீட்டிலிருந்து இன்னொரு குரல், வேண்டாம் என்றது. அக்கா எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினார்.

அன்று மத்தியானம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிய வழிய அழுதாராம். ஊசிக்குப் பயந்து இல்லை. "இருக்குமோன்னு ஒரு ஆசைய உள்ள விட்டுட்டேன். இல்லைன்னு வந்தா அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அழுது முடித்து, முகம் கழுவி, தந்தி டாக்டருக்குப் போன் போட்டு, ஊசி குத்தினால் பரவுமா என்று நேராகவே கேட்டார்.

"ரொம்ப அபூர்வம்" என்றார் அவர். பிறகு, அக்காவே எதிர்பார்க்காதபடி, இன்னொரு முழு வாக்கியமும் சொன்னார். "உங்க எடத்துல எங்க அம்மா இருந்தா நான் எடுக்கத்தான் சொல்லுவேன்."

நாத்தனாரே கூடப் போனார். மரத்துப்போக மருந்து போட்டு, திரையில் பார்த்துக்கொண்டே விலாவுக்குக் கீழே ஊசியைச் செலுத்தினார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். டக்கென்று, ஆபீசில் பேப்பர் குத்தும் ஸ்டேப்ளர்போல ஒரு சத்தம். அவ்வளவுதான். "இதுக்கா என்ன இவ்வளவு பயமுறுத்தினே?" என்று அக்கா நாத்தனாரைக் கேட்டார். நாத்தனார் மயக்கம் தெளிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

எடுத்த துண்டு நூல் இழைபோல இருந்தது. அதை மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் சாயத்தைப் போட்டார்கள். புரதம் இருந்தால் செல்லைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறும். இல்லாவிட்டால் வெறும் நீலம். நம்பர் பார்த்தே யாருடையது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும், அதனால் தன் கண்ணைத் தானே நம்ப அவருக்கு மனமில்லை. தான் பார்த்ததைச் சொல்லாமல், பக்கத்து அறையில் இருந்த மூத்த டாக்டரிடம் சில்லை நீட்டினார்.

மூத்தவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல சந்தேகமே இல்லையே. நல்லா அழுத்தமா ஏறியிருக்கு. எதுக்கு எங்கிட்ட கொண்டு வந்தே?"

டாக்டரம்மா அதோடு விடவில்லை. பழைய கட்டியிலிருந்து எடுத்துவைத்திருந்த மெழுகுக் கட்டிகள் அனைத்தையும் வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் அதே சாயத்தைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் நீலம். ஒன்றில் மட்டும், ஓரமாக, விரல் நுனியால் மறைத்துவிடலாம் என்ற அளவில் ஒரு பழுப்புத் திட்டு இருந்தது. முதலில் பரிசோதித்தது வேறு துண்டை. இந்தச் சின்னக் கூட்டம்தான் கிளம்பிப் போய்க் கல்லீரலில் குடியேறியிருக்க வேண்டும்.

சேதியைத் தந்தி டாக்டர்தான் முறைப்படி சொன்னார். "இருக்கு" என்று ஒரே வார்த்தை. கணவர் அதை வாங்கி வராந்தாவுக்குக் கொண்டுபோனார். இந்தமுறை யாருக்கும் வருத்தமில்லை.

அக்கா நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். அதுவரை அவர் அந்த அறைக்குள் போனதில்லை. சின்ன அறை. ஸ்பிரிட் வாசனை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சில்லைப் பார்க்கும்படி இரட்டைக் குழல் வைத்த மைக்ரோஸ்கோப்.

"எனக்குக் காட்டுவீங்களா?"

"பாருங்க. கண்ண ரொம்ப ஒட்டாதீங்க. அப்படித்தான்."

நீலப் பொட்டுகள் கும்பல் கும்பலாகத் தெரிந்தன. ஒவ்வொரு பொட்டையும் சுற்றிப் பழுப்பில் ஒரு கோடு, யாரோ உட்கார்ந்து பென்சிலால் வரைந்ததுபோல. கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கம்பிவலைபோல விரிந்திருந்தன. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. தன்னைக் கொல்ல வந்தது இப்படி அழகாக இருக்கிறதே என்று அக்காவுக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது.

"இந்தக் கோட்டத்தான் மருந்து போய்ப் பிடிக்குமா?"

"ஆமா அக்கா." டாக்டரம்மா அடுத்த குழலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒண்ணு சொல்லணும். பழைய கட்டியில இல்லைன்னு மொதல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

"நீங்க பாத்த துண்டுல இருந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்னத்த எழுதுவீங்க, இருக்குன்னா?"

அக்கா மறுபடி குழலில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு அக்கா கேட்டார்: "இனிமே வர்றவங்களுக்கு எல்லா துண்டையும் பாப்பீங்களா?"

"எல்லாத்தையும் பாக்க முடியாது. ரெண்டு மூணு எடத்துலேருந்து எடுத்துப் பாக்கலாம்னு பெரிய டாக்டர்கிட்ட பேசியிருக்கேன். பரவின எடத்துலயும் கேட்டு வாங்கிப் பாக்கணும்னு."

"பேசுங்க, பேசுங்க. விடாதீங்க" என்றார் அக்கா.

புது மருந்து ஏற்றிய முதல் நாள் அக்காவுக்குக் குளிர் நடுங்கியது. மூன்று கம்பளி போர்த்தினார்கள். இதயம் சரியாக அடிக்கிறதா என்று அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்தார்கள், அந்த மருந்து அதையும் தொட்டுப் பார்க்கக்கூடியதாம். கூடக் கொடுத்த மாத்திரையால் வயிறு கழிந்து, எந்தத் தெருவில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிவறை சுத்தமாக இருக்கும் என்பது அக்காவுக்கு மனப்பாடமாகிவிட்டது. அந்த நாட்களில் அவரிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு அவசரமாக ஓரம்கட்டி நிறுத்துவது மட்டும் அற்புதமாக வந்தது.

அடுத்த ஸ்கேனில் புள்ளிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. அதற்கடுத்ததில் சிலவற்றைத் தேடவேண்டியிருந்தது. அடம்பிடித்து நின்ற ஒன்றை ஊசி வழியாகச் சூடேற்றிப் பொசுக்கினார்கள். இந்தமுறை நாத்தனார் மயங்கவில்லை. வெளியே காத்திருந்த இன்னொரு குடும்பத்துக்கு, ஊசி குத்தினால் பரவும் என்பதெல்லாம் சும்மா என்று விளக்கிக்கொண்டிருந்தார். யார் சொன்னது என்று அவர்கள் கேட்டதற்கு, எல்லாரும்தான் என்றாராம்.

முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால் தந்தி டாக்டர் தலையை ஆட்டமாட்டார். "இப்ப தெரியல. தொடர்ந்து பாக்கணும்" என்பார். அக்கா அதற்குமேல் கேட்பதில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். மருந்து சொட்டும் நேரத்தில் பேச்சுத்துணைக்கு அந்த வார்டு நர்சுகள் வருவார்கள். ஒவ்வொருத்தியும் எந்த பஸ் பிடித்து, எங்கே மாறி, எத்தனை மணிக்கு வீடு சேர்கிறாள் என்பதைக் கேட்டுக்கேட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன், நீங்கள்லாம் கார் ஓட்டக்கூடாதா?"

"எங்களுக்கெல்லாம் பயம் அக்கா."

"தினமும் இத்தன பேருக்கு ஊசி குத்தறவங்களுக்கு ரோட்டப் பாத்தா பயமா? ஞாயித்துக்கிழம காலையில வாங்க."

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கு இப்போது லைசென்ஸ் இருக்கிறது. மூன்றாவது பெண் போன வாரம் ஆஸ்பத்திரி கேட்டில் போய் முட்டினாள். காருக்கு ஒன்றும் ஆகவில்லை, கேட்டுக்குத்தான் சேதம். காவல்காரர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தபோது, அக்கா ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஒரு நிமிஷம் இருங்க, பாடம் நடக்குது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.